சூடேறிய இயந்திரம் ஏன் அடம் பிடிக்கிறது?
மோட்டார் வாகன வரலாற்றிலிருந்து ஒரு பாடம்



பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு புகார் உண்டு. விடியற்காலைக் குளிரில் அந்தக் கார் ஒரே பிடியில் கிளம்பிவிடும். பத்து மைல் தூரம் ஒழுங்காக ஓடும். கடைத்தெருவில் நிறுத்தி, சாமான் வாங்கிக்கொண்டு கால்மணி நேரத்தில் திரும்பி வந்தால், என்ன செய்தாலும் கிளம்பாது. தள்ளிப் பார்ப்பார்கள், திட்டிப் பார்ப்பார்கள். யாராவது ஓர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைக்கச் சொல்வார்கள். அரைமணி நேரம் கழிந்ததும் அந்தக் கார் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடும். பழத்தின் மகிமை என்று நாமும் நம்பிவிடுவோம்.

உண்மையில் அந்த அரைமணி நேரத்தில் நடந்தது ஒன்றுதான். இயந்திரம் ஆறியது. பழம் இல்லாமலே அது கிளம்பியிருக்கும்.

இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. காரணம் தெரியாத ஒருவர் முதலில் புதிய பேட்டரி வாங்குகிறார். பிறகு காயில் மாற்றுகிறார். அதன்பின் ஸ்டார்ட்டரைக் கழற்றுகிறார். ஒரு மாதச் சம்பளம் கரைந்த பிறகும் பழைய நோய் அப்படியே இருக்கிறது. ஆகவே இந்த நோயின் காரணங்களையும், அவை ஒவ்வொன்றும் எந்தக் காலத்தில் எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் இன்று நாம் பார்ப்போம். மோட்டார் வாகனத்தின் வரலாறு தெரிந்தால் அதன் வைத்தியமும் பாதி தெரிந்ததுபோல்தான்.

நமது வரலாற்றை 1886ஆம் ஆண்டில் தொடங்கலாம். அந்த ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி, ஜெர்மனி நாட்டில் கார்ல் பென்ஸ் என்பவர் பெட்ரோலில் ஓடும் தமது மூன்று சக்கர வண்டிக்கு உரிமைப் பத்திரம் கோரினார். அதே 1886 செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. நம் முன்னோர்கள் தண்டவாளம் போட்டு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் செந்தூல் பட்டறையிலும் இரும்போடு பழகத் தொடங்கிய காலமும், மோட்டார் கார் பிறந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே.

பென்ஸின் வண்டியை நெடுந்தூரம் முதலில் ஓட்டிக் காட்டியவர் ஒரு பெண்மணி. அவர் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் தம் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து தாய்வீடு இருந்த போர்ஸ்ஹைம் வரை அவர் சென்றார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பயணம் அது. வழியில் எரிபொருள் தீர்ந்தபோது ஒரு மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையைக் கட்டும் பட்டியைச் சுற்றினார். எரிபொருள் ஒழுங்காக வருகிறதா, மின்பொறி ஒழுங்காக விழுகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் வழியோரத்தில் அன்றே அவர் கேட்டுவிட்டார். நாமும் இன்று கேட்கப் போவது அவற்றைத்தான்.

அதே 1888இல் ஜான் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் சக்கரத்துக்கு உரிமை பெற்றார். அதன் விளைவு நம் வாழ்வையே மாற்றியது. ஹென்றி ஃபோர்டு 1908இல் வெளியிட்ட மாடல் டி கார் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் செய்யப்பட்டது. ஒவ்வொரு காருக்கும் சக்கரம் வேண்டும். சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். 1910இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. சிலாங்கூரில் காட்டை வெட்டித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றுக்கு ஆள் சேர்க்கத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கங்காணிகள் சென்றார்கள். 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து சென்றது. விடியுமுன் பெரட்டில் நின்று, பால்மரம் சீவிய கைகள் உலகத்துக் கார்களை ஓடவைத்தன. அந்தக் காரில் ஏறி உட்காரும் நாள் அந்தக் கைகளுக்கு உடனே வரவில்லை. முதலில் துரை வைத்திருந்தார். பிறகு பெரிய கிராணி வைத்திருந்தார். நம்மவர்களில் முதலில் காரை நெருங்கியவர்கள் ஓட்டுநர்களும், அவர்களோடு பானட்டுக்குள் தலையை நுழைத்த பட்டறைப் பையன்களுமே.

இனி நோயின் முதல் வரலாற்றுக்கு வருவோம். அந்நாளில் காரைக் கிளப்ப முன்பக்கத்தில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். மின்பொறி சற்று முந்தி விழுந்துவிட்டால் இயந்திரம் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடி திரும்பி அடிக்கும். மணிக்கட்டும் கன்னமும் உடைந்தவர்கள் பலர். அமெரிக்காவில் பைரன் கார்ட்டர் என்ற கார் உற்பத்தியாளர் 1908இல் இறந்தார். வழியில் நின்ற ஒரு காரைக் கிளப்ப உதவியபோது கைப்பிடி அடித்த காயமே அதற்குக் காரணம் என்று மோட்டார் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கேடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்ட் அவருடைய நண்பர். சார்ல்ஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் மின்சார ஸ்டார்ட்டர் ஒன்றை உருவாக்க, 1912ஆம் ஆண்டுக் கேடிலாக் காரில் அது பொருத்தப்பட்டது. கையை உடைத்துக்கொள்ளாமல் யாரும் கார் கிளப்பலாம் என்ற நிலை வந்தது.

ஆனால் ஸ்டார்ட்டரோடு ஒரு புதிய நோயும் வந்தது. ஸ்டார்ட்டர் என்பது செம்புக் கம்பி சுற்றிய ஒரு மின்மோட்டார். இயந்திரத்தைச் சுழற்ற அதற்கு நூறு ஆம்பியருக்கும் அதிகமான மின்னோட்டம் வேண்டும். செம்பு சூடேறினால் மின்சாரத்தை எளிதில் விடாது. வெப்பம் 60 டிகிரி கூடினால் செம்புக் கம்பியின் மின்தடை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடிவிடும். ஸ்டார்ட்டரோ பல கார்களில் புகைபோக்கிக் குழாயின் பக்கத்திலேயே இருக்கிறது. அதனோடு பேட்டரி முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியும், இயந்திரத்தை உடலோடு இணைக்கும் மண்கம்பியின் துருவும் சேர்ந்துகொண்டால், குளிர்ந்தபோது சமாளித்த ஸ்டார்ட்டர் சூட்டில் முனகத் தொடங்கும். அல்லது டக்கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும்.

ஆகவே நினைவில் கொள்ளுங்கள்: சூட்டில் கிளம்பாத காரில் முதலில் கவனிக்க வேண்டியது சத்தம். சாவியைத் திருப்பினால் இயந்திரம் சுறுசுறுப்பாகச் சுழல்கிறதா? மந்தமாகச் சுழல்கிறதா? சுழலவே இல்லையா? மந்தமாகவோ சுழலாமலோ இருந்தால் பெட்ரோலைத் தேட வேண்டியதில்லை. பேட்டரி முனைகளைக் கழற்றிச் சுரண்டி, இறுக்கிப் பூட்டுங்கள். மண்கம்பியின் இரு முனைகளையும் அவ்வாறே செய்யுங்கள். சற்று நேரம் ஸ்டார்ட்டர் போட்டபின் கம்பி முனைகளைத் தொட்டுப் பார்த்தால், எந்த இணைப்பு சுடுகிறதோ அங்கேதான் மின்சாரம் வீணாகிறது. இதற்குச் செலவு ஒரு துண்டு உப்புத்தாள் மட்டுமே. இவையெல்லாம் சரியாக இருந்தும் இயந்திரம் சூட்டில் இறுகிச் சுழன்றால், மின்பொறி முந்தி விழும்படி டிஸ்டிரிபியூட்டர் தவறாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கலாம். அன்று கைப்பிடியை உதைத்த அதே கோளாறுதான் இன்று ஸ்டார்ட்டரை எதிர்த்து நிற்கிறது.

இரண்டாவது நோய் பெட்ரோலில் பிறந்தது. மாடல் டி காரில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தானாகவே கீழ்நோக்கி இறங்கி கார்புரேட்டருக்கு வந்தது, பம்ப் கிடையாது. தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் பெட்ரோல் இறங்காது. அதனால் பின்னோக்கி ஓட்டி மேடேறியவர்களும் உண்டு. பிற்காலத்தில் தொட்டி காரின் பின்பக்கம் போயிற்று. இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு பம்ப் வைத்துப் பெட்ரோலை முன்னே இழுத்தார்கள். இங்கேதான் சிக்கல்.

பெட்ரோல் ஒரே பொருள் அன்று. பல எண்ணெய்களின் கலவை. அதில் இலேசான பகுதி சுமார் 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும்; கனமான பகுதி 200 டிகிரி வரை தாங்கும். மேலும், அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கேமரன் மலையில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதே காரணம். உறிஞ்சும் பம்ப் குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. அருகில் இயந்திரம் சூடாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டும். திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்த பம்ப், ஆவியை அமுக்கி விடுகிறதே தவிர, நகர்த்துவதில்லை. இதைத்தான் பட்டறைக்காரர்கள் வேப்பர் லாக் என்பார்கள். நாம் ஆவியடைப்பு என்று சொல்லலாம்.

ஓடும்போது வராத இந்தத் தொல்லை நிறுத்தியபின் வருவது ஏன்? சோற்றுப்பானையை நினைத்துப் பாருங்கள். விறகை இழுத்துவிட்டாலும் தணலின் சூட்டில் மூடிய பானை வெந்துகொண்டே இருக்கும். கார் ஓடும்போது காற்றாடி வீசுகிறது, தண்ணீர் சுற்றுகிறது, புதிய பெட்ரோல் குளிர்ச்சியாக வந்துகொண்டிருக்கிறது. நிறுத்திய கணத்தில் மூன்றும் நின்றுவிடுகின்றன. இயந்திர இரும்பில் தங்கிய சூடு மூடிய பானட்டுக்குள் பரவுகிறது. முதல் பத்து, இருபது நிமிடங்களுக்கு உள்ளே சூடு ஏறுமே அன்றி இறங்காது. அதனால்தான் நிறுத்திய உடனே மறுபடி கிளப்பினால் கிளம்புகிறது. ஒரு மணி நேரம் விட்டாலும் கிளம்புகிறது. இடைப்பட்ட நேரத்தில் மட்டும் மறுக்கிறது. இந்த மூன்று நிலைகளையும் கவனித்துச் சொல்பவர் பாதி வைத்தியர்.

1948இல் வெளிவந்த மோரிஸ் மைனர் நம் நாட்டுச் சாலைகளில் மிகவும் பழகிய கார். அலெக் இசிகோனிஸ் என்பவர் அமைத்த இந்தக் கார் 16 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதன் மின்சாரப் பெட்ரோல் பம்ப் இயந்திர அறைக்குள், பின்சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பினால் டக் டக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். ஓயாமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால், பம்புக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை, காற்றையோ ஆவியையோ இழுக்கிறது என்று பொருள். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் பானட்டைத் திறக்காமலே காதால் நோயைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தியாவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்த அம்பாசடர் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்டது. சென்னை வெயிலிலும் சேலம் வெயிலிலும் ஓடிய அந்தக் காரின் ஓட்டுநர்கள், பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி ஒன்றைச் சுற்றி வைப்பது வழக்கம். நம் ஊர்ப் பழைய ஓட்டுநர்களிடமும் இந்தப் பழக்கத்தை நாம் பார்த்திருக்கிறோம். படித்தவர்கள் சிலர் இதைக் கண்டு சிரித்ததுண்டு. ஆனால் இது சுத்தமான விஞ்ஞானம். துணியிலுள்ள ஈரம் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. பம்ப் குளிர்ந்தால் உள்ளேயுள்ள பெட்ரோல் ஆவி மறுபடி திரவமாகிறது. பம்ப் வேலை செய்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான்.

மூன்றாவது நோய் இதற்கு நேர் எதிரானது. கார்புரேட்டரின் சிறு தொட்டியிலுள்ள பெட்ரோல் சூட்டில் கொதித்தால், குழாய் வழியே பொங்கி இயந்திரத்துக்குள் வழிந்துவிடும். இப்போது இயந்திரத்துக்குப் பெட்ரோல் பஞ்சமில்லை, வெள்ளம்! பானட்டைத் திறந்தால் பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறும். கிளம்பினாலும் முதலில் கரும்புகை தள்ளும். இந்த நிலையில் சோக்கை இழுப்பதும், ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடுவதும் வெள்ளத்தில் மேலும் தண்ணீர் விடுவதுபோலாகும். செய்ய வேண்டியது இதுதான்: சோக்கை முழுவதும் உள்ளே தள்ளிவிடுங்கள். ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பத்து வினாடி ஸ்டார்ட்டர் போடுங்கள். அதிகமாகக் காற்று புகுந்து அதிகப்படியான பெட்ரோலை வெளியேற்றும். கிளம்பியதும் காலை மெல்ல எடுங்கள்.

பஞ்சமா, வெள்ளமா என்று தெரியாமல் வைத்தியம் செய்வதால்தான் பலருடைய காரும் பணமும் கெடுகின்றன. வாசனை இருந்தால் வெள்ளம். வாசனையே இல்லாமல், பம்ப் ஓயாமல் அடித்தால் பஞ்சம். பஞ்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தொட்டி மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகும்; பம்ப் இழுக்க முடியாமல் திணறும். மூடியைத் திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே புகுந்தால், குற்றவாளி அங்கேயே அகப்பட்டுவிட்டான்.

நான்காவது நோய் மின்பொறியைச் சேர்ந்தது. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்துவது காயில். அதற்குள் மயிரிழை போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு அதன் காப்புறை வெடித்தால், குளிர்ந்தபோது ஒழுங்காக இருக்கும். சூட்டில் விரிந்து கசியும். டிஸ்டிரிபியூட்டரிலுள்ள கண்டென்சரும் அப்படியே. இதைக் கார் மறுக்கும் நேரத்திலேயே சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு பட்டறைக்குக் கொண்டுபோனால், பாயிண்டும் பிளக்கும் பொறி விட்டு நம்மைப் பொய்யராக்கிவிடும். பொறி நீலமாகவும் பலமாகவும் இருந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்திருந்தால் காயிலையும் கண்டென்சரையும் சந்தேகிக்கலாம். பெட்ரோல் வாசனை வீசும் இடத்தில் இந்தப் பரீட்சையைச் செய்யவே கூடாது.

இனி நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருவோம். ஃபோர்டு நிறுவனம் 1926இல் மலாயாக் கிளையைச் சிங்கப்பூரில் தொடங்கியது. 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் அதன் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தது அந்தத் தொழிற்சாலையில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு மலேசியாவின் முதல் கார் பூட்டும் தொழிற்சாலை 1967இல் பத்து தீகாவில் திறக்கப்பட்டது. வோல்வோ கார்கள் அங்கே பூட்டப்பட்டன. 1960களின் பிற்பகுதியில் ஷா ஆலமில் வோக்ஸ்வேகன் வண்டுக் கார்களும் பூட்டப்பட்டன. அந்த நிலங்களின் வரலாற்றையும் நாம் மறக்கலாகாது. பெட்டாலிங் ஜெயா 1950களில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டத்தில் எழுந்தது. ஷா ஆலம் எழுந்த நிலம் முன்பு சுங்கை ரெங்கம் என்ற தோட்டப் பகுதி. சுபாங் ஜெயா, சீஃபீல்டு தோட்டத்தின் நிலம். பால் வாளி தூக்கிய நிலத்திலேயே கார்த் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். வேறு பலர் லயத்தைவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் தவித்தார்கள்.

வண்டுக் காருக்கு ஒரு தனிப்பட்ட சூட்டு நோய் உண்டு. அதன் இயந்திரம் பின்பக்கம்; பேட்டரி பின்னிருக்கையின் கீழ். ஸ்டார்ட்டரின் விசைக்குச் செல்லும் மின்சாரமோ பேட்டரியிலிருந்து முன்னாலுள்ள சாவி வரை போய், மறுபடி பின்னே திரும்பி வர வேண்டும். நீண்ட மெல்லிய கம்பியில், தேய்ந்த சாவி விசையில் மின்னழுத்தம் குறைந்து போகிறது. புகைபோக்கிச் சூடும் சேர்ந்துகொள்ள, டக் என்ற சத்தம்கூட வராது. பலர் ஸ்டார்ட்டரையே மாற்றினார்கள். சரியான வைத்தியம் ஒரு சிறிய ரிலே. சாவியின் மின்சாரம் ரிலேயை மட்டும் இயக்க, பேட்டரி மின்சாரம் நேர்வழியில் ஸ்டார்ட்டருக்குப் போகும். சில வெள்ளியில் முடிய வேண்டிய வேலை நூற்றுக்கணக்கில் முடிந்தது.

1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகனங்கள் பெருகின. நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரைவிடச் சூடேறும் கார் வேறில்லை. பத்து தீகா சுங்கச்சாவடியில், 2018 ஜனவரி முதல் தேதி அது எடுக்கப்படும் வரை, வரிசையில் நின்று கொதித்த பழைய கார்கள் எத்தனை! தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகும் வழியிலும் இதே காட்சிதான்.

1985 ஜூலை 9ஆம் தேதி புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதன் முதல் கார், பிரிக்பீல்ட்ஸுக்கு அருகிலுள்ள தேசிய அரும்பொருளகத்தில் இடம்பெற்றது. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்தக் கார் என்ற கனவு இவற்றால்தான் கைகூடியது. தொடக்கத்தில் இவற்றுக்கும் கார்புரேட்டரே இருந்தது. ஆகவே முதல் தலைமுறைச் சாகாவும் இன்று பழங்கார்களின் வரிசைக்கு வந்துவிட்டது. பழைய நோய்களும் அதற்கு உண்டு.

பிற்காலக் கார்களில் இந்த நோய் ஏன் குறைந்தது? ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967இல் வோக்ஸ்வேகன் 1600 காருக்கு மின்னணுப் பெட்ரோல் பீச்சு முறையைக் கொண்டுவந்தது. 1990களில் நம் நாட்டுக் கார்களிலும் அத்தகைய முறை பரவியது. இன்றைய கார்களில் பம்ப் பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது பெட்ரோலை இழுப்பதில்லை, அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பதைப் பிரஷர் குக்கர் வைத்துச் சமைக்கும் தாய்மார்கள் அறிவார்கள். குழாயில் குமிழி கட்டுவது அரிதாயிற்று.

இங்கே நம் மரத்தைப் பற்றியும் ஒரு சொல். பால்மர ரப்பர் சக்கரத்துக்கு உயர்ந்தது. ஆனால் பெட்ரோல் பட்டால் அது ஊறி உப்பிவிடும். ஆகவே பெட்ரோல் குழாய்க்கு 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரில் போன்ற செயற்கை ரப்பரே பயன்படுகிறது. அதுவும் சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் வெடிக்கும். வெடித்த குழாய் காற்றை இழுக்கும், பெட்ரோலையும் சிந்தும். பழைய கார் வாங்குபவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இந்தக் குழாயைத்தான். வண்ணம் பூசுவதைப் பிறகு பார்க்கலாம்.

நிரந்தர வைத்தியமாகச் செய்யக்கூடியவை சில உண்டு. பெட்ரோல் குழாய் புகைபோக்கியை ஒட்டிப் போனால் அதை விலக்கிக் கட்டுங்கள். கார்புரேட்டருக்கும் சூடான குழாய்க்கும் நடுவே இருக்க வேண்டிய தகட்டைப் பட்டறையில் கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் பொருத்துங்கள். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள்; அது மிகவும் இறுகியிருந்தால் சூட்டில் வால்வு முழுவதும் மூடாது; இயந்திரம் பலமிழந்து கிளம்ப மறுக்கும். நிறுத்திய பிறகு சிறிது நேரம் பானட்டைத் திறந்து வைப்பதும் உதவும்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும். சூடான இயந்திரத்தின்மேல் வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள்; இரும்பு விரிசல் விடும். ஈரத்துணி பம்புக்கு மட்டுமே. டப்பாவில் பெட்ரோல் எடுத்துக் கார்புரேட்டரில் ஊற்றிக்கொண்டே ஸ்டார்ட்டர் போடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். இயந்திரம் ஒருமுறை திரும்பத் தும்மினால் டப்பா கையிலேயே தீப்பற்றும். சிகரெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் செய்யுங்கள்.

நேயர்களே, நம் தோட்டங்களில் சீவுகத்தி பிடிக்கக் கற்றவர்கள், மரத்தின் உயிர்ப்பட்டையைக் காயப்படுத்தாமல் எவ்வளவு ஆழம் சீவலாம் என்பதைக் கையாலேயே அறிந்தார்கள். அந்த நுணுக்கம் எந்த நூலிலும் அவர்கள் பெயரால் எழுதப்படவில்லை. ஈரத்துணி சுற்றிய ஓட்டுநர்களின் அறிவும், பம்பின் சத்தத்தைக் கேட்டே நோய் சொன்ன பட்டறைக்காரர்களின் அறிவும் அவ்வாறே வாய்வழியாக வந்தவை. அவை மறைவதற்கு முன் நம் பிள்ளைகள் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்; காரணத்தோடு எழுதி வைக்கவும் வேண்டும். காரணம் தெரிந்த பையன் பட்டறையில் சாவி எடுத்துக் கொடுக்கும் கையாளாகவே நின்றுவிட மாட்டான். ஏன் என்று கேட்பான். ஒருநாள் தானே பட்டறை வைப்பான். பெண்பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான். முதல் நெடும்பயணத்தில் குழாயைக் குத்திச் சுத்தம் செய்தவர் ஒரு தாய் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த முறை சூட்டில் ஒரு கார் அடம் பிடித்தால், முதலில் சத்தத்தைக் கேளுங்கள்; பிறகு வாசனையைப் பாருங்கள்; அதன்பின் பொறியைச் சோதியுங்கள். அதுவரை பணப்பையை மூடியே வையுங்கள். எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் பிழிந்து, வெயிலில் கார் தள்ளியவர்களுக்குக் குடிக்கக் கொடுங்கள்.